ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கூப்பிடு

1

என் மகள் சமீராவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விவாதப் போட்டி. வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதை அடியோடு தடைசெய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. நம் ஊர்ப் பட்டிமன்றம் மாதிரி பிடித்த கட்சியில் போய் உட்கார இங்கே விடமாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கட்சி. இவளுக்கு விழுந்தது "தடை வேண்டாம்".

"அத்தா, எனக்கு நல்ல பாயிண்டா சொல்லுங்க" என்று வந்து நின்றாள். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம்.

கேட்டாளே, யாரிடம் கேட்டாள்! நான் மெல்பர்ன் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். டிப்போவுக்குள் கால் வைத்ததும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும். பஸ் ஓடும்போது அதைத் தொட்டாலே வேலைக்கு ஆபத்து. போதாக்குறைக்கு, தலைக்கு மேலே கேமரா வேறு பார்த்துக்கொண்டே இருக்கிறது. "என்கிட்ட இருக்கிற சரக்கெல்லாம் எதிர்க்கட்சிக்குத்தாம்மா ஆகும்" என்றேன்.

"அப்ப நான் சின்னத்தாகிட்ட கேக்குறேன்" என்றாள். அவள் போட்ட கணக்கு சரிதான். அந்தக் கட்சிக்கு என் தம்பி ஜாபரை விட்டால் உலகத்தில் வேறு வக்கீல் கிடையாது.

ஜாபர் திண்டுக்கல்லில் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுக்கிறான். பேகம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அடுப்பு. தம் பிரித்ததும் தேக்சாக்களை வாய்கட்டிக் குட்டி யானையில் ஏற்றுவான். தேக்சா என்றால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற பிரியாணிப் பாத்திரம். குட்டி யானை என்றால் சின்ன சரக்கு வண்டி. மண்டபத்துக்கு அவனேதான் ஓட்டிப் போவான், இன்னொருத்தரை நம்ப மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணமாவது இருக்கும். எனக்கும் அன்றுதான் லீவு. அவனுக்கு முற்பகல், எங்களுக்குச் சாயங்கால டீ.

வண்டியைக் கிளப்பியதும் வீடியோ காலில் கூப்பிடுவான். முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டாண்டில் போனை மாட்டி, ஒரு தெருவுக்கு அவன் முகத்தையும் அடுத்த தெருவுக்கு ஊரையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே போவான். மலைக்கோட்டை, பஸ் ஸ்டாண்டு நெரிசல், புதிதாக வந்த துணிக்கடை எல்லாம் வரும். "இந்தா பாருண்ணே, ஒங்கூடப் படிச்ச அந்தோணி, கடையை ரெண்டு மாடி ஏத்திட்டான்" என்பான். நான் சோபாவில் சாய்ந்து டீயைக் குடித்துக்கொண்டு ஊர்வலம் போவேன். வாரம் முழுவதும் நான் நூறு பேரை ஏற்றி இறக்குகிறேன் அல்லவா, அந்த ஒரு மணிநேரம் மட்டும் என்னை ஒருவன் ஓட்டிக்கொண்டு போகிறான். அது அம்புட்டுச் சுகமாக இருக்கும்.

சமீராவுக்கும் அதுதான் தமிழ் நேரம். மற்ற நேரங்களில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அல்லது தோளைக் குலுக்குவாள். சின்னத்தாவிடம் மட்டும் தமிழ் பேசுவாள். "சின்னத்தா, நீங்க சாப்ட்டியா?" என்று மரியாதையில் ஆரம்பித்து உரிமையில் முடிப்பாள். ஜாபர் அதைத் திருத்த விடமாட்டான். "சாப்ட்டேன் தாயி, நீங்க சாப்ட்டியா?" என்று அவளைப் போலவே கேட்பான். இரண்டும் சிரிக்கும்.

2

இங்கே பஸ் ஓட்டும் லைசென்ஸ் வாங்குவதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. ஊரில் ஆறேழு வருஷம் லாரி ஓட்டியவன் என்று சொன்னால், அதெல்லாம் சரி, உட்காருங்கள் என்பார்கள். கண்ணுக்கு ஒரு சான்றிதழ், காதுக்கு ஒன்று, நம் ஊர்ப் போலீஸிடமிருந்து ஒன்று. அது உண்மைதான் என்று இன்னொருவர் தரும் சான்றிதழ் தனி. எல்லாம் முடிந்து ஓட்டிக்காட்டும் பரீட்சைக்குப் போனேன். பக்கத்தில் ஓர் அம்மணி பரீட்சை அதிகாரி. நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அணைக்க மறந்துபோன போன் சட்டைப்பைக்குள் அடித்தது.

நான் எடுக்கவில்லை. சத்தத்தை அமுக்க ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்தினேன், அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஃபெயில்.

"நான் பேசவே இல்லையே" என்றேன். "யார் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டார். "அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றேன். அவர் திட்டவில்லை, முறைக்கவில்லை. "அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ரோட்டை இல்லை" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டால், "ஏன்டா எடுக்கல? நான் என்னமோ ஏதோன்னு பதறிப்போயிட்டேன்" என்று அங்கே ஒரே அழுகை.

இதை இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நம் ஊரில் ரோட்டில் போன் பேசிக்கொண்டு போகிறவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பெரும்பாலும் மரியாதை தெரிந்தவன். எடுக்காவிட்டால் மாமனார் கோவிப்பார், பெண்டாட்டி பயப்படுவாள், முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார். "போனை எடுக்கக்கூட ஒனக்கு நேரமில்லையா" என்ற ஒரு பேச்சுக்குப் பயந்து, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தபடி போகிறான். அதிலும் வெளிநாட்டுக் கால் என்றால் கேட்கவே வேண்டாம். தொழுகையில் நிற்கும் நேரம் தவிர வேறு எப்போது அடித்தாலும் அதை எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். ஒரு நிமிஷம் பேசவே யோசித்த காலத்தில் ஏற்பட்ட பழக்கம் அது. கால் இனாமாகிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாபருக்கு அகரத்தில் கல்யாணம். தாடிக்கொம்பு ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். சமீரா பேனாவும் பேப்பருமாக என் போனுக்கு முன்னால் உட்கார்ந்து பேட்டியை ஆரம்பித்தாள்.

"சின்னத்தா, போன் பேன் பண்ணணுமா, வேணாமா?"

"இங்க ஏற்கெனவே தடைதாம்மா. போலீஸ்காரரு நிக்கிற எடத்துல மட்டும் தடை" என்றான். பெரிய ஜோக் அடித்துவிட்ட மாதிரி அவனே சிரித்துக்கொண்டான்.

"சும்மா சொல்லாதீங்க. ரீசன் சொல்லு."

"ரீசனா? இந்தா கேளு." அதற்குள் கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட, எங்கள் படம் செத்த நேரம் நின்றது. அவன் திரும்பி வந்தான். "கேட்டியா? கெளம்பி கால்மணி நேரம் ஆகல, இதோட நாலாவது போனு. எங்க வர்றீங்க, எங்க வர்றீங்கன்னு. எடுக்கலைன்னு வையி, பிரியாணி வருமோ வராதோன்னு அவுகளுக்கு வயித்தைக் கலக்கிரும். அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவே மாட்டாக. தடை போட்டா நான் எப்புடிம்மா பொழைக்கிறது?"

சமீரா மளமளவென்று எழுதினாள். அவள் முகத்தில் சந்தோஷம். "இன்னொன்னு" என்று தூண்டினாள்.

"இன்னொன்னு என்ன, நீதான். தடை போட்டா ஒன்னைய எப்பப் பாப்பேன்? வீட்டுக்குப் போனா அடுப்பு, அடுப்பை விட்டா ஆளுக. ஒக்காந்து பேச எனக்கு இந்த வண்டிதான இருக்கு."

சமீரா எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவன் இதைச் சிரிக்காமல் சொன்னான். பிறகு வழக்கம்போல் உற்சாகமாகி, "அங்க பாரு தாயி, தோட்டத்துல மயிலு! தெரியுதா?" என்றான்.

"எங்கே? தெரியல சின்னத்தா. அந்தப் பக்கம் காட்டுங்க, அந்தப் பக்கம்."

அவன் கை போனைத் திருப்ப வந்தது. ஒரு வினாடி பச்சைத் தோட்டம் தெரிந்தது. அதற்குப் பிறகு படம் குலுங்கி வண்டியின் கூரை தெரிந்தது, அவன் தாடை தெரிந்தது. ஹாரன் சத்தம், பிரேக் சத்தம், தேக்சாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். "ஏலே, பாத்து வாடா! ஆடு, ஆடு!" என்று ஒரு பெண்ணின் அலறல். திரை கறுத்தது. கால் அறுந்துபோனது.

4

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண்குரல் தமிழில் சொன்னது. வாழ்க்கையில் நான் எந்தத் தமிழையும் அப்படி வெறுத்ததில்லை.

என் மனைவி ரஹ்மத் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். சமீரா பேப்பரைக் கசக்கி வாயில் வைத்துக்கொண்டு, "நான்தான் அந்தப் பக்கம் காட்டச் சொன்னேன் அத்தா, நான்தான்" என்று தேம்பினாள். "இல்லம்மா, ஆளு வச்சு ஊர் சுத்திப் பாத்தது நானு" என்றேன். பல வருஷமாகப் பார்த்த ஊர்வலத்துக்கு நான்தானே முதலாளி.

ஊரில் யாரைக் கூப்பிடுவது? வீட்டில் அம்மா மட்டும்தான். வேறு வழியில்லாமல் அம்மாவையே கூப்பிட்டு, "சும்மாதாம்மா, என்ன செய்ற?" என்றேன்.

"வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். ஜாபர் அகரத்துக்குப் போயிருக்கான். ஒங்கூடப் பேசிக்கிட்டுத்தான போவான்? பேசலையா?"

"பேசுனான்மா."

"அவன் தனியாப் போறானேன்னு எனக்குக் கெதக்குனு இருக்கும். நீ கூடப் பேசிக்கிட்டு வர்றன்னாத்தான் நிம்மதி" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். யா அல்லா, என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடு என்று மனசுக்குள் துவா கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, டீயில் ஆடை படிந்திருந்தது. தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தது.

"அண்ணே, ஒண்ணுமில்லண்ணே" என்றான் ஜாபர்.

ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்திருக்கிறது. வண்டியை ஒடித்திருக்கிறான், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. நெற்றி கண்ணாடியில் இடித்து ரத்தம். ஆடுகளுக்கும் மேய்த்துவந்த அம்மாவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. போன் நொறுங்கிப்போக, அந்த அம்மாவின் மகனுடைய போனை வாங்கிப் பேசுகிறான். "பிரியாணிக்கு ஒண்ணும் ஆகலண்ணே. தால்சாதான் கொட்டிப்போச்சு. கல்யாண வீட்டுல இன்னைக்கு எல்லாரும் வெறும் பச்சடியத் தொட்டுக்கிற வேண்டியதுதான்" என்று சிரித்தான். பிறகு, "சமீராகிட்டக் குடு. தாயி, ஒன் கட்சிக்குப் பாயிண்டு பத்துமா?" என்றான். அவள் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

5

போட்டி நடந்தது. கட்சி மாற அனுமதி கேட்டிருக்கிறாள், தரவில்லை. சின்னத்தாவின் பிழைப்பைப் பற்றியும், பேச அவருக்கு வண்டியை விட்டால் இடமில்லை என்பதைப் பற்றியும் பேசினாளாம். ஸ்டாண்டில் மாட்டிக் கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தால் தப்பில்லை என்றும் வாதாடினாளாம். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "ஜெயிச்சுட்டேன்" என்றாள். யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள். அன்று அவன் கை ஸ்டியரிங்கில் இருந்திருந்தாலும் கண் இவள் மேல்தான் இருந்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஜாபர் புதுப் போன் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் வீடியோ கால். ஆசையாக எடுத்தேன். நெற்றியில் பிளாஸ்திரி, முகத்தில் சிரிப்பு, அவனுக்குப் பின்னால் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஜாபரு, வண்டியை நிறுத்து" என்றேன்.

"இருண்ணே, இந்தத் திருப்பத்தைத் தாண்டுனதும் ஒனக்கு ஒண்ணு காட்டுறேன்."

நான் கட் செய்தேன். மறுபடி அடித்தான். மறுபடி கட் செய்தேன். மூன்றாவது முறை அடிக்கவில்லை. "ஓரங்கட்டி நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

அன்றைக்கே அம்மா கூப்பிட்டாள். "தம்பி போன் போட்டா கட் பண்றியாமே? அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டியா? அவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து படுத்துட்டான்."

நெற்றிக் காயம் கடை ஷட்டரில் இடித்தது என்று அவளை நம்பவைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால் அப்புறம் அவன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் வாசலில் அழுதுகொண்டு நிற்பாள். "வேலையா இருந்தேன்மா" என்றேன். போனை எடுக்க நேரமில்லாதவன் என்ற பேச்சை என் வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு ஜாபர் பேசுவதை நிறுத்திவிட்டான். எனக்கும் ரோஷம் வந்தது. நான் என்ன, எனக்காகவா சொன்னேன்? ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்று வெறும் டீயாகப் போனது. சமீரா நாங்கள் தமிழில் கேட்டதற்குத் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனாள். வீட்டில் தமிழே குறைந்துபோன மாதிரி எனக்குத் தோன்றியது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் ரஹ்மத்திடம், "அவன் கூப்பிட்டா எடுத்துருவோமா? ரெண்டே நிமிஷம் பேசிட்டு வச்சுருவோம்" என்றேன்.

"வேணாங்க" என்றாள். "அவரு கோவிச்சுக்கிட்டாலும் உசுரோட இருக்கட்டும்."

6

சமீராவுக்குப் பழகுநர் லைசென்ஸ் வந்துவிட்டது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க, நிறைய மணிநேரம் ஓட்டிப் பழக வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் போனைத் தொடக்கூடாது; ஓட்டுகிறவருக்கு உள்ள சட்டம் இவருக்கும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஓட்ட, நான் என் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பைக்குள் போன் அடித்தது. ஜாபருக்கென்று நான் தனியாக வைத்திருக்கும் மணி.

ஒரு மாதமாகப் பேசாதவன் இப்போது ஏன் கூப்பிடுகிறான்? அம்மாவுக்குத்தான் ஏதோ. மணி அடித்து நின்றது, உடனே மறுபடி அடித்தது. கை தானாகப் பைப் பக்கம் போயிற்று. சமீரா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தா, சின்னத்தாவா?" என்றாள்.

"நீ ஓட்டும்மா."

"பாட்டியா அத்தா?"

"தெரியல. நீ ரோட்டைப் பாரு."

"நான் நிறுத்துறேன். பயப்படாதீங்க." அவள் அவசரப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள். ஒரு சைக்கிள்காரரை விட்டு, இடது பக்கம் திரும்பி, கடைத்தெரு வண்டி நிறுத்தத்துக்குள் மெல்ல நுழைந்தாள். அதுவரைக்கும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் அம்மாவை அதற்குள் நான் மனசுக்குள் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கமே செய்துவிட்டேன். அவள் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, "இப்ப பேசுங்க" என்றதும் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏண்ணே எடுக்கல? ஏண்ணே?" என்றான்.

"சமீரா வண்டி ஓட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் பக்கத்துல இருந்தேன். அம்மாவுக்கு என்னடா? சொல்லுடா!"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்கு. மதினி பேசுச்சு, நிறுத்திட்டுக் கூப்பிட்டாத்தான் ஒங்கண்ணன் எடுப்பாருன்னு. இந்தா, தாடிக்கொம்பு தாண்டி ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் கூப்பிட்டேன். கல்யாண வீட்டுக்காரன் போனைக்கூட எடுக்கல. நிறுத்திட்டும் நீ எடுக்கலையா, ரெண்டு தடவை, மூணு தடவை அடிச்சேன். நீ ரோட்டுல எங்கயோ என்னமோ ஆயிட்டேன்னு..." என்றான். அவனைக் கடந்து ரோட்டில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு ஒனக்கும் இப்புடித்தான் இருந்துச்சா?"

"ஆமாடா" என்றேன்.